கோட்டுக்கு இந்தப் பக்கம்

மேசை ஒன்றுதான்.
சுண்ணக்கட்டியால் குறுக்கே கோடு கிழித்தவன் நிதுர்ஷன்.
அவன் கணக்குக்கு ஜன்னல் பக்கம்,
என் இறகுகளுக்குச் சுவர்ப் பக்கம்.
பரீட்சை முடியும்வரை என்றான்.
சரி என்றேன்;
சுவரில் ஆணி அடிக்கலாமே.

நானுஓயாவைத் தாண்டும் இரவு ரயிலுக்கு
எங்கள் காம்பரா லேசாக நடுங்கும்.
பிஸ்கட் டின்னில் தூண்டில் முட்கள்
தாமாகவே பேசிக்கொள்ளும்.
அதனால் டின்னுக்குள் பழைய கம்பளித் துணி.
அதுவும் வீணில்லை:
அதன் ஓரத்தைப் பிரித்தால்
நாலு ஈக்கு உடம்பு.

ஈ என்றால் பொய் ஈ.
ட்ரவுட் மீன் நம்புவதற்காக
முள்ளில் கட்டுவது.
ஓடைக்கு மேலே ஒரு கிளையில் முதலில் கண்டேன்,
யாரோ வீசி, மாட்டி, அறுத்துவிட்டுப் போனது.
வீட்டுக்குக் கொண்டுவந்து
நூலை வந்த வழியே திருப்பிச் சுற்றினேன்.
பதினொரு சுற்று, ஒரு முடிச்சு,
வாலில் மூன்று மயிர்,
கடைசியில் முள் மட்டும்
வெட்கமில்லாமல் மின்னியது.
மறுபடி கட்ட
ஒன்பது நாள் ஆனது.

இடுக்கி, மணிக்கூடு திருத்தும் நஸ்மிர் கொடுத்தது.
ஒரு தாடை தேய்ந்திருக்கிறது,
எல்லா முள்ளும் இடப்பக்கம் சாயும்.
நாற்காலியைத்தான் நகர்த்தினேன்.

சல்லடை அறையில் ஏழு வருசம் நின்றவள்.
தரம் பிரிக்காமல் எதையும் வைக்கத் தெரியாது.
ஒட்டிய தீப்பெட்டிகள் இருபத்துநாலு,
ஒவ்வொன்றிலும் பேனையால் பெயர்:
சேவலின் கழுத்து இறகு பி.ஓ.பி.,
முதுகு இறகு பெக்கோ,
பூனை வயிற்றில் சீவிய மயிர் டஸ்ட்.
கதிர்காமத்தில் பொறுக்கிய மயிற்பீலிக்கு மட்டும்
தரம் எழுத மனம் வரவில்லை.
அது சும்மா இருக்கிறது.

தெரேசம்மா தன் சேவலைத்
தினமும் தூக்கிக் கழுத்தைப் பார்க்கிறாள்.
விழுந்ததைத்தான் எடுத்தேன் அக்கா,
பெரும்பாலும்.

அந்துப்பூச்சி வந்தது ஐப்பசியில்.
பூச்சி செய்யும் இடத்தைத் தின்னப் பூச்சி!
சாமி தட்டிலிருந்து பாதிக் கற்பூரம்
தீப்பெட்டிகளுக்கு மாறியது.
இப்போது என் ஈக்களுக்குக் கோயில் வாசனை.
மீனுக்கு ஆட்சேபணை இருந்தால்
கடைக்காரர் சொல்லியிருப்பார்.

அவர் சொன்னது வேறு.
ஒரு டசின் திருப்பி அனுப்பினார்:
நகப்பூச்சு முள்ளின் கண்ணை அடைத்துவிட்டதாம்,
நூல் நுழையவில்லையாம்.
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.
மறுநாள் ஓர் ஊசியைத்
தக்கையில் குத்தி வலது கைப்பக்கம் வைத்தேன்.
பூசியதும் கண்ணில் ஒரு குத்து.
அந்த ஊசியைச் சட்டைப் பொத்தான் தைக்கக்கூட
யாரும் எடுக்கக் கூடாது.

தேநீர்க் கோப்பைக்கு இன்னும் இடம் அமையவில்லை.
வலப்பக்கம் வைத்தால் கை தட்டுகிறது,
இடப்பக்கம் வைத்தால் கோடு தாண்டுகிறது.
தரையில் வைத்தேன், பூனை குடித்தது.

இறகு நீளம் அளக்க அவன் கவராயம்,
முக்கோணம் நேராக வர என் மேசைவிளக்கு.
கேட்டு வாங்குவதில்லை இருவரும்.
காற்று வரும்போது மட்டும்
ஒரே நேரத்தில் சொல்வோம்:
கதவு!

பத்து மணிக்குக் கடைசி வேலை.
உடைந்த ரேடியோவின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித்
தரை முழுக்க இழுப்பேன்.
செருப்பில்லாத கால்கள் இந்த வீட்டில்.
பதினாலாம் நம்பர் முள் இரண்டு,
ஒரு கொண்டை ஊசி,
எப்போதோ கழன்ற கதவாணி.
தை மாதம் தொலைத்த தோட்டுச் சுரை வராது,
காந்தம் தங்கத்தை மதிக்காது,
தெரிந்தும் அந்த மூலையில்
இரண்டு தரம் இழுப்பேன்.

பிறகு ஜன்னல் பக்கம்.
கொப்பியிலிருந்து தலை தூக்காமல்
காலிரண்டையும் தூக்குகிறான்.