சாவியும் தாளும்

சலேத்மேரி,
சாவியைத் திருப்பும்போது கதவைச் சற்றுத் தூக்கிக்கொள்.
கீழ்க்கீலுக்கு எங்கள்மேல் இன்னும் கோபம்.
மோட்டாருக்கு மூன்று பேஸ் எப்போது வரும் என்று
மாகடியில் யாரைக் கேட்டும் பயனில்லை.
வந்தால் பக்கத்துத் தோட்டத்துக் குழாய் இருமும்.
உடனே எழுந்து ஓடு.

சுற்றிப்பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாய்.
அமலனின் ஆபீஸ்காரர்களும் கேட்டார்கள்,
பட்டியல் கொடுத்தோம்.
போய்வந்து, "நல்லாத்தான் இருந்தது" என்றார்கள்,
உப்பில்லாத சாம்பாரைக்
குறை சொல்லாதவர்களின் குரலில்.
உனக்காவது உண்மையை எழுதுகிறேன்.

சாவன்துர்கா.
ஒரே கல், யானைமுதுகாய்.
பதினோரு தடவை போயிருக்கிறோம்,
உச்சியைப் பார்த்ததில்லை.
பாதி ஏற்றத்தில் மழைநீர் தேங்கும் குழி ஒன்று,
அதில் பெனிட்டா தலைப்பிரட்டைகளை எண்ணுவாள்.
நூற்றுநாற்பதில் ஏதாவதொன்று குழப்பிவிடும்,
மறுபடி ஒன்றிலிருந்து.
அதற்குள் பாறை சுடத் தொடங்கிவிடும்,
இறங்கிவிடுவோம்.
உன்னோடு எண்ணுகிற ஆள் இல்லை.
நீ உச்சிக்கே போ.

மஞ்சனபெலே அணை.
தண்ணீரில் இறங்காதே என்று பலகை இருக்கிறது.
இறங்காதே.
காரைக் கரையில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்துவைத்து
எலுமிச்சைச் சோறு சாப்பிடுவோம்.
பியூசியில் கணக்கு போய்விட்டதை
ரோஷன் அங்கேதான் சொன்னான்,
எங்களைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து.
நாங்களும் தண்ணீரையே பார்த்தோம்.
ஒரு மீன்கொத்தி விழுந்தது, எழுந்தது,
வாயில் ஒன்றுமில்லை.
அமலன் ஊறுகாய் கேட்டார்.
வீட்டில் சொல்லமுடியாதது ஏதேனும் இருந்தால்
அந்தக் கரை நல்ல இடம்.

ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தை, காலையிலேயே போய்விடு.
நாற்றம் முதல் ஐந்து நிமிடம்தான்.
யாரோ ஒரு வியாபாரி பெனிட்டாவின் கையில்
ஒற்றைக் கூட்டை வைத்து மூடினார்.
அவள் அதைக் காரின் சிறு பெட்டியில் போட்டு மறந்தாள்.
இரண்டு வாரம் கழித்து நாயண்டஹள்ளியில்
போலீஸ் மறித்து இன்சூரன்ஸ் கேட்க,
பெட்டியைத் திறந்தேன்.
காகிதத்தின்மேல் வெள்ளை அந்துப்பூச்சி,
பறக்கத் தெரியாமல் சிறகை மட்டும் அடித்துக்கொண்டு.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"ஹோகி அம்மா" என்றார்.
தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பிடதியில் தட்டே இட்லி. வெண்ணெய் கேட்டு வாங்கு.
அதற்குமேல் எழுத அதில் ஒன்றுமில்லை.

அடுத்த இடத்தின் பெயர் தெரியாது.
குதூருக்குக் குறுக்குவழி என்று அமலன் திரும்பினார்.
தார்ச்சாலை முழுக்கக் கேழ்வரகுக் கதிர்
முழங்கால் உயரத்துக்கு.
ஹாரன் அடித்தார். ஒரு பெண் முறத்தோடு வந்து,
ஓரமாகப் போக வழி காட்டுவாள் என்று பார்த்தால்,
மேலே ஏற்று என்றாள்.
ஏற்றினார். ரிவர்ஸ் என்றாள். வந்தார்.
"இன்னொந்து சல, இன்னொந்து சல."
சிக்னலில் மூன்று நொடி பொறுக்காத மனிதர்
ஒன்றரை மணிநேரம் முன்னும் பின்னும் ஓட்டினார்,
ஜன்னலில் தலைநீட்டி, சக்கரத்தடியில்
கதிர் நொறுங்குவதைக் கேட்டபடி.
ரோஷன் கணக்குப் போட்டான், சரியாகவே:
மீட்டரில் மூன்றரைக் கிலோமீட்டர்,
போன தூரம் அறுபது கஜம்.
கூலியாக ஒரு படி கேழ்வரகு.
கல்யாணநாளில்கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு மூன்று தடவை தேடிவிட்டோம்.
அந்தத் திருப்பம் கிடைக்கவில்லை.
நீ போவது தை மாதம், கதிர் இருக்கலாம்.

கேஸ் பாதிதான் இருக்கிறது.
மீந்த பாலை வாசல் நாய்க்கு வை, அது யாருடையதும் இல்லை.
கிளம்புமுன்
மோட்டாரை அணைத்தாயா என்று
இன்னொரு தடவை பார்.