பிழைதிருத்தம்

எம்டன் நகரில் நான் அச்சுக்கோப்பவன்.
பேராசிரியர் யோஹிம் தியார்க்ஸ் எழுதிய நூலுக்கு
ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கியவன்.
எழுநூறு பக்கம், ஒரே சேதி:
இருக்கக்கூடிய உலகங்களில்
இதைவிட நல்லது இருக்க வழியில்லை.

'சிறந்த' என்ற சொல் மட்டும்
பக்கத்துக்குப் பதினோரு முறை.
எழுத்து தீர்ந்துபோய்
பைபிள் வேலையிலிருந்து கடன் வாங்கினோம்.

டிசம்பரில், கடைசித் தாள்கள் கொடியில் காயும்போது
கடல் அணையைத் தாண்டியது.
மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.
ஒரு தொட்டில், ஒரு பசு, பாதிரியார் வீட்டுக் கூரை
இந்த வரிசையில்
தெருவோடு போயின.

மூன்றாம் நாள் பேராசிரியர் படகில் வந்தார்.
தலையில் பொய்முடி இல்லை, ஒற்றைச் செருப்பு,
முகத்தில் மட்டும் குறையாத ஒளி.
"இன்னும் ஓர் அத்தியாயம் சேர்க்க வேண்டும்.
அணை உடையாமல்
அணைகட்டும் கலை எப்படி வளரும்?
ஓவியமென்றால் நிழல் வேண்டாமா?"

கேஷே வாசலில் நின்றிருந்தாள், அணைக்காவலன் மனைவி.
சேற்றில் கிடைத்த பொய்முடியை
அலசிப் பிழிந்து கொண்டுவந்திருந்தாள்.
"ஐயா, எனக்கு மூணு பிள்ளைங்க.
நிழலுக்கு ரெண்டு போதாதா?"

"முழுமையைப் பாரம்மா" என்றார்.
அவள் அவரை
உச்சி முதல் ஒற்றைச் செருப்பு வரை
முழுமையாகப் பார்த்தாள்.
பொய்முடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
அது சொட்டிச் சொட்டி
புது அத்தியாயத்தின் முதல் தாள் ஊறியது.

அப்புறம் முதலாளி கணக்குச் சீட்டை நீட்டினார்:
நனைந்த காகிதம் நாற்பது ரீம்,
முப்பத்தெட்டு தாலர்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார்.
"அக்கிரமம்! கடல் செய்ததற்கு நானா பொறுப்பு?
இப்படியோர் அநியாயம்
எந்த உலகத்திலாவது நடக்குமா?"

"இதில்தான் ஐயா," என்றார் முதலாளி,
"வேறு உலகம் சரக்கில் இல்லை."

பாதிப் பணம் வந்தது. நூலும் வந்தது.
புகழுக்குக் குறைவில்லை.

கடைசிப் பக்கம் என் பொறுப்பு.
யாரும் படிக்காத பக்கம்.
*412, ஏழாம் வரி: 'சிறந்த' என்பதை
'மிஞ்சிய' என்று படிக்கவும்.*

கேஷேவுக்கு எழுத்து தெரியாது.
வாசித்துக் காட்டினேன், சிரிக்கவில்லை.
"கீழே இடம் இருக்கா?" என்றாள்.
நான்கு விரல் அகலம் இருந்தது.

ஹில்கே. ஃபோல்கெர்ட். தியால்டா.

வாங்கியவர்கள்
அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள்.