அறுபத்தொன்று

முடிவு வந்த அன்று அது அறுபத்தொன்று.
நுழைவுச் சோதனை, கணக்கு, கெருஷ்னி முனுசாமி, அறுபத்தொன்று.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
போனில் பார்த்தேன்.

சமையலறையைத் தாண்டுவதற்குள் அறுபத்தைந்து.
"அறுபதுக்கு மேலே" என்றுதான் அம்மா சித்தியிடம் சொன்னாள்.
சித்திக்கு மேலே என்றால் ஐந்து.
மூர்டன் பஸ் நிறுத்தத்தில் எழுபது.
பால் வாங்கப் போன சேவி ஆன்ட்டி
எழுபத்தைந்தோடு திரும்பினாள், பாலை மறந்துவிட்டு.
பீனிக்ஸில் தீனா மாமா வீட்டுக் கதவைத் தட்டியபோது
அதற்கு வயது எண்பத்திரண்டு.
துணைக்கு ஒரு ஸ்காலர்ஷிப்,
கேப்டவுனில் ஓர் அறை,
அறைக்கு மலை பார்த்த ஜன்னல்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை கோயிலில்
முன்பின் தெரியாத ஒருவர் என் கையைக் குலுக்கினார்.
எந்த எண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை.
அவர் உள்ளங்கையில் சர்க்கரைப் பொங்கலின் பிசுக்கு.
வீடு வரை என் விரல்கள் ஒட்டிக்கொண்டே வந்தன.

இன்றைக்கு முப்பதாம் தேதி.
நள்ளிரவோடு விண்ணப்பம் மூடுகிறது.
எட்டு மணிக்கு லோட் ஷெட்டிங், சொன்ன நேரம் தவறாமல்.
தெருவே இருட்டில் போக, மடிக்கணினியில் பத்தொன்பது சதவீதம்,
போனிலிருந்து கடன் வாங்கிய இணையம்.

பெயர். அடையாள எண். பள்ளி.
பிறகு ஒரு கேள்வி, மிகவும் மரியாதையாக:
இந்தச் சோதனையை எத்தனை முறை எழுதினீர்கள்?
எல்லா மதிப்பெண்களையும் குறிப்பிடவும்.

இரண்டு முறை.
இரண்டாவது ஐம்பத்தெட்டு.
ஆகஸ்டில், யாரிடமும் சொல்லாமல்,
நூலகத்துக்குப் போகிறேன் என்று போய் எழுதியது.
அதை வாசல்படி தாண்ட விடவில்லை நான்.
ஒரு வாய்க்குள்ளும் போகாததால்
இன்றும் அதே ஐம்பத்தெட்டாகவே இருக்கிறது,
தண்ணீர் காட்டாத தொட்டிச்செடி மாதிரி.

அம்மாவுக்கு வேலை சாட்ஸ்வர்த் சென்டரில்,
செருப்புக் கடை, இருபத்திரண்டு வருஷம்.
வருகிற பெண்கள் "ஐந்து" என்பார்கள்.
அம்மா சரி என்று தலையாட்டுவாள்.
பிறகு முழங்காலிட்டு, இரும்பு அளவியில் குதிகாலைப் பதித்து,
கட்டை விரலைத் தன் விரலால் தொட்டுப் பார்த்து,
வாய் திறக்காமல் உள்ளே போய்
ஆறரையை எடுத்து வருவாள்,
டப்பாவின் எண் வெளியே தெரியாதபடி
மார்போடு சேர்த்துப் பிடித்து.
"சொல்ற சைஸ் வேற, நடக்கிற சைஸ் வேற" என்பாள்
இரவில் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே.
அவளேதான் பஸ் நிறுத்தத்தில்
என்னை எழுபதுக்கு விற்றவள்.

முதல் கட்டத்தில் ஆறு. ஒன்று.
இரண்டாவதில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு சதவீதம்.
அந்த எண்பத்திரண்டுக்காரியை நினைத்துப் பார்த்தேன்.
அவளுக்கு மலை தெரிகிறது. நன்றாகத் தூங்குகிறாள்.
அவள் இந்தக் கட்டத்தில் எதை நிரப்புவாள்?
ஐந்து. எட்டு.

கேஸ் விளக்கோடு அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது.
வெளிச்சம் திரையில் பட்டு இரண்டு எண்களும் மங்கின.
அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.
படித்தாள். மறுபடி படித்தாள்.
ஆகஸ்ட் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கடையில் மூச்சை இழுத்துப் பிடித்துக் குனிவாளே,
அப்படியே குனிந்து
காதருகில் மெல்லக் கேட்டாள்:

"இதிலே அரை சைஸ் எல்லாம் கிடையாதா?"

அனுப்பினேன். ஒன்பது பன்னிரண்டு.
பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க ஒரே "ஓய்" சத்தம்.
சுவருக்கு அந்தப் பக்கம் சேவி ஆன்ட்டி
டிவியைப் போட்டுவிட்டு யாருக்கோ போன் செய்து
எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், நல்ல உற்சாகமாக.
அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டாள்.