அறுபது மீட்டர்

பிப்ரவரியில் ஹெயில்வென்னின் சமையலறை மேசையில்
கம் ப்ரான் மலையை விரித்தேன்.
சுருண்டுகொள்ளப் பார்த்தது.
நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பை வைத்ததும்
அடங்கிக் கிடந்தது.
"மே மாதம் வாருங்கள்,
குட்டிகளுக்கு அதற்குள் ஓடத் தெரிந்திருக்கும்.
நாய் கூடாது.
திறந்த கேட்டை மூடாமல் போகிறவன்
என் கண்ணில் படக் கூடாது."
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மார்ச்சில் இட்வாலும் நானும் இடம் குறித்தோம்.
கொடி எண் நூற்றுப் பதினான்கு:
ஓடை பிரியும் இடத்துக்கு மேலே,
மேற்குக் கிளை, பள்ளத்தின் தலைப்பு.
கோரையில் ஒரு சிவப்பு நாடா கட்டினேன்.
இட்வால் சுற்றிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி,
நோட்டில் ஒரு டிக் போட்டார்.
அந்த டிக் சரிதான்.
இன்றுவரை அதில் ஒரு குற்றமும் இல்லை.

மே. வெள்ளிக்கிழமை.
ஊர் மண்டபத் தரை முழுக்கத் தூக்கப் பைகள்.
ஆட்கள் எண்பத்தாறு, கழிவறை இரண்டு.
முதுகுச் சுமையாய்க் கொடிகளோடு நான் மலையில்.
ஆறு மணிக்கு மேகம் கீழே இறங்கி
என் கண்ணாடியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.
நாடாவைக் காணோம்.
ஆடு தின்றிருக்கும்,
சிவப்பென்ன பச்சையென்ன அதற்கு.
ஓடை இருந்தது. கிளை இருந்தது. பள்ளமும் இருந்தது.
இதுதான் என்றது கால்.
காலின் பேச்சைக் கேட்டுக் கொடியை நட்டேன்.
இன்னும் ஒன்பது பாக்கி. பசி வேறு.

சனிக்கிழமை இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக
மேகத்துக்குள் அனுப்பினோம்.
தொடைவரை கரிச்சேற்றோடு திரும்பினார்கள்,
நேரம் அச்சடித்த சீட்டைக்
கடைக்காரன் ஏமாற்றிவிட்ட ரசீதுபோலப் பார்த்தபடி.
"பதிமூன்றாவதில் பத்து நிமிடம் போச்சு,
நான் ஒரு மடையன்" என்றான் டெக்வின்.
"என் திசைகாட்டி பழசு" என்றாள் க்வென்லியன்.
லீட்ஸிலிருந்து வந்த தம்பதி
ஆளுக்கு ஆள் குறை சொல்லி,
பிறகு பேச்சையே நிறுத்திவிட்டு
தனித்தனி பெஞ்சில் சாண்ட்விச் தின்றார்கள்.
நீளப் பாதையில் போனவர்கள் முப்பத்தொரு பேர்.
முப்பத்தொரு பேரும் அவரவர் தலையில்
அவரவரே குட்டிக்கொண்டார்கள்.
நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
எனக்குள் ஓர் ஓடை
தப்பான பக்கம் பிரியத் தொடங்கியிருந்தது.

தபால் வண்டி ஓட்டும் நெஸ்டா கோப்பையை நீட்டினாள்.
"அது கிழக்குக் கிளை, கெரைன்ட்" என்றாள்.
அதே குரலில், "சர்க்கரை இருக்கா?"

இட்வால் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
பன்னிரண்டிலிருந்து பதினான்குவரை ஆன நேரம்
யார் கணக்கிலும் சேராது என்று
பலகையில் எழுதினார்.
நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று,
கொடி அறுபது மீட்டர் தள்ளி இருக்கிறது,
தள்ளி வைத்தவன் நான், என்றேன்.
யாரோ கைதட்டினார்கள்.
டெக்வின் தன் சீட்டை எடுத்து
மறுபடி ஆசையாகப் படித்தான்.
லீட்ஸ்காரர் எழுந்து
மனைவியின் பெஞ்சுக்கு நகர்ந்தார்.
அவள் உடனே இடம் விடவில்லை.

ஞாயிறு ஓட்டம் ஒழுங்காக நடந்தது.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மாலை கொடி பொறுக்கப் போனேன்.
கழுவித் துடைத்ததுபோல வெயில்.
கிழக்குப் பள்ளத்தில் நூற்றுப் பதினான்கைப் பிடுங்கி,
மேட்டைத் தாண்டி மேற்கே நடந்தேன்.
வரைபடம் தேவைப்படவில்லை.
தூரத்திலிருந்தே தெரிந்தது:
கோரை மடிந்து கிடந்தது வட்டமாக,
வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்,
கரி மண்ணில் ஆணிச் செருப்புகளின் பல்வரிசை,
ஓர் ஆரஞ்சுத் தோல்,
யாரோ கோபத்தில் குத்திய கம்பின் குழி.
எல்லோரும் வந்திருக்கிறார்கள்.
மூடிய மேகத்தில், இம்மியும் பிசகாமல்,
கொடி இல்லாத சரியான இடத்துக்கு.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பையிலிருந்து கொடியை எடுத்து
அந்தக் குழியிலேயே நட்டுப் பார்த்தேன்.
அசை போட்டுக்கொண்டே
ஓர் ஆடு நிமிர்ந்தது.

பிடுங்கிப் பையில் போட்டேன்.
இறங்கும்போது
கேட்டை மூடினேன்.