பதின்மூன்றாம் இருக்கை

கீட்டோவில் இருட்டு பிரியுமுன்
பன்னிரண்டு பேரை எண்ணி ஏற்றினேன்.
தண்ணீர் குடியுங்கள், மெல்ல நடங்கள்,
தலை சுற்றினால் சொல்லுங்கள்.
எட்டு வருட மனப்பாடம்.
வாய் பேசும், நான் தூங்குவேன்.

சாக்கிசிலியில் வியாழச் சந்தை.
உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்றேன்.
அவர்கள் கம்பளிக் கடைகளுக்குப் போனார்கள்,
நான் கால்நடைத் திடலுக்கு.
அங்கே எது பனி எது மூச்சு
பிரித்தறிய முடியவில்லை.
கயிற்றோடு ஒரு பன்றி ஓடியது,
அதன் பின்னால் பச்சைச் சால்வைக்காரி,
அவள் பின்னால் அதை வாங்க வந்தவன்,
ஓட்டத்திலும் விலையைக் குறைத்துக் கேட்டபடி.

நியேவெஸ் குவாமாங்காத்தே
தொண்ணூறு என்றாள். நான் அறுபது.
மயிலிறகு செருகிய தொப்பியைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
எண்பதுக்குக் கீழே பேச்சில்லை என்று பொருள்.
கிச்சுவாவில் கேட்டுப் பார்த்தேன்.
எழுபத்தைந்தானது.
என் தாய்மொழியின் விலை ஐந்து டாலர்.

ஆட்டை வண்டியில் ஏற்றும்போது
தொப்பி புதிதாய் வாங்கிய அம்மாள் கேட்டாள்:
"இதுவும் சுற்றுலாவில் சேர்த்தியா?"
சேர்த்திதான் என்றேன்.
சும்பாவாவின் வளைவுகளில்
மூன்று பேருக்குக் காகிதப் பை தேவைப்பட்டது.
ஆடு மட்டும்
பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலில் தாடை வைத்து
மலைச்சரிவின் பார்லி வயல்களை
மெல்லும் கண்களோடு பார்த்துவந்தது.

கிலோட்டோவா.
விளிம்பில் நிறுத்திவிட்டு
அவர்களுடைய மௌனத்துக்கு இடம் விட்டேன்.
தன் தலையைத் தானே வெடித்தெறிந்த மலை
மிஞ்சிய கழுத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறது.
வெயிலில் பச்சை,
மேகம் வந்தால் ஈயம்.
ஆழம் எவ்வளவு?
இருநூற்றைம்பது மீட்டர் என்றேன்.
கீழே இருப்பவர்களைக் கேட்டால்
அடியே இல்லை என்பார்கள்.
இரண்டையும் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சம்பளத்தில் இல்லாதது இது:
ஜூலையில், மூன்றாம் வளைவில்,
என் பயணியைச் சுமந்து ஏறிய கோவேறு கழுதை
மணலில் சறுக்கியது.
அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.
அதற்கு முன்னங்கால்.
நிறுவனம் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது,
கூடவே ஒரு பழக்கூடை.
மெல்ச்சோர் பிலாத்தாசிக்குக் கடிதம் எழுதியது.
அவர் அதை என்னிடம் நீட்டி
இதில் வருத்தம் என்ற சொல்
எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார்.
தேடுவதுபோல் தேடினேன்.

இன்று கயிற்றைப் பிடித்து இறங்கினேன்.
முன்னால் ஆடு, பின்னால் பன்னிரண்டு பேர்,
சரளையில் வழுக்கி, சிரித்து,
ஆட்டையும் ஏரியையும் ஒரே படத்தில் அடக்க முயன்றபடி.
கரையில் சேணம் தைத்துக்கொண்டிருந்தவர்
ஊசியைத் தொப்பியில் குத்திவிட்டு எழுந்தார்.
ஆட்டின் வாயைப் பிளந்தார்.
தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தானமில்லை, நிதானமாக எண்ணினார்.
விலாவைத் தட்டினார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஒரு கால்" என்றார்.
"மூன்று பாக்கி."

திரும்பும் ஏற்றத்தில்
தொப்பி அம்மாளுக்கு மூச்சு முட்டியது.
ஏறிப் போக ஏதும் கிடைக்குமா என்றாள்.
மெல்ச்சோர் பழுப்பு நிறத்ததைக் கொண்டுவந்தார்,
அவளைத் தூக்கி உட்கார்த்தினார்,
பத்து டாலரை வாங்கி மடித்து வைத்தார்.
பிறகு கடிவாளத்தை
என் கையில் திணித்தார்.
"இந்த முறை நீ பிடித்து நட."

நடந்தேன்.
ஒன்றாம் வளைவு. இரண்டாம் வளைவு.
மூன்றாவதில் கழுதை தானாக நின்று
மணலை முகர்ந்தது.
"இந்த இடத்துக்கு ஏதும் கதை உண்டா?"
என்று மேலிருந்து கேட்டாள்.

உண்டு என்றேன்.
மனப்பாடம் இல்லாததால்
மெதுவாகத்தான் வந்தது.