பழைய ஐந்து ரூபாய்

லாஸ்பேட்டை, ஏர்போர்ட் சாலை, இரண்டாம் மாடி.
அக்னி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள்.
கதவு திறக்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டேன்,
நான் போட்ட தரை அது.

டாக்டர் விசாலியின் கையில்
பல்லைச் சோதிக்கும் மெல்லிய கம்பி.
அதன் நுனியால் கூடத்தின் நடுவைக் காட்டினார்:
"இது என்ன, சவரியான்?"

என்னிடம் மூன்று அளவுகள் உண்டு.
ஏடிஎம் கார்டு நுழைந்தால்
தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கலாம்.
ஒரு ரூபாய் நுழைந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்.
இப்போது அதிகம் கண்ணில் படாத
அந்தப் பழைய, கனத்த ஐந்து ரூபாய் நுழைந்தால்
வாங்கிய முன்பணத்தை எண்ணத் தொடங்கலாம்.

ஐந்து ரூபாய் நுழைந்தது.
நுழைந்ததோடு நிற்காமல்
விரலை விட்டு நழுவி
உள்ளே போய் நின்றுகொண்டது.

மண்டியிட்டு ஈரமானியை அழுத்தினேன்.
எட்டு.
கார்த்திகையில்,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய வாரம்,
இதே பலகைகளில் பதின்மூன்று.
அன்று ஒரு தலைமுடி போகாது.
மழையைக் குடித்த மரம் தோளோடு தோள் இடித்து நின்றதை
என் கைவேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"மரம் நீளத்தில் அசையாது, டாக்டர்.
அகலத்தில்தான் அதற்கு வெயிலும் மழையும்.
வெளியே மேல்காற்று, உள்ளே ராப்பகலாக ஏசி.
சுருங்குகிறது. ஐப்பசியில் திரும்பி வரும்."

சொன்னது உண்மைதான்.
முழுதும் சொல்லவில்லை.

சுருக்கம் எல்லாப் பலகைக்கும்தானே?
சந்துக்குச் சந்து காகிதக் கனம் திறந்திருந்தால்
இவர் என்னைக் கூப்பிட்டே இருக்கமாட்டார்.
டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பார்த்தேன்.
இடப்பக்கம் பதினொரு பலகை, ஒரு கோடுகூட இல்லை.
வலப்பக்கம் ஒன்பது, அங்கும் இல்லை.
நடுவில் இது ஒன்றுதான்
இருபது பேர் பட்ட கடனுக்கு
வாய் பிளந்து நிற்கிறது.

வார்னிஷ்.
அடுத்த மழைக்குள் முடிக்கும் அவசரத்தில்
கெபிரியேல் தாராளமாக ஊற்றினான்,
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சந்துகளில் இறங்கி அது பசையாகிவிட்டது.
ஒட்டிக்கொண்டவை ஒரே பலகையாகச் சுருங்கும்.
ஒட்டாத சந்து அத்தனையும் தாங்கும்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரே பேச்சு.
ரெஜினா பிள்ளைத்தோட்டத்தில் இருக்கிறாள்.
வண்டியில் பத்து நிமிடம்.
ஒன்பது வருடம்.

"வார்னிஷ் என் தப்பு" என்றேன்.
"சரி, எதையாவது பூசி அடைத்துவிடுங்கள்."
"இப்போது அடைத்தால் மழையில் பலகைக்குப் போக இடமில்லை.
நடுவில் கூடாரம் அடிக்கும்."

அவர் தரையிலேயே உட்கார்ந்தார்.
"ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பால்பல் நடுவே சந்து என்று
அழாக்குறையாக வருவார்கள்.
பெரிய பல்லுக்கு இடம் அது, விடுங்கள் என்று
தினம் நான்தான் சொல்கிறேன்."
சிரிக்கவில்லை.
"ஆனால் மீதிப் பணம் கிடையாது."

கத்தியை எடுத்தேன்.
பதினெட்டு மூடிய சந்துகள், ஒவ்வொன்றாக.
ஆறாவதில் ஒரு சத்தம்,
சொடக்கு முறிப்பதுபோல்.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

அதற்குள் அவர் குப்புறப் படுத்து
கம்பியால் அந்தப் பெரிய சந்தைக் கிளறினார்.
கடுகு. ஒரு ஜிகினா. உடைந்த பென்சில் முனை.
"காசு உள்ளே இருந்தால் என்ன?"
"பலகை திரும்பி வரும்போது
அதைக் கடித்துக்கொண்டு தவிக்கும், டாக்டர்."
கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும் முகத்தோடு
எடுத்துக் கொடுத்தார்.
"இந்தாங்க, உங்கள் மீதி."

ஐப்பசியில் வந்து பார்ப்பதாகச் சொன்னேன்.
நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்,
என்னை நம்பாதவர் போல, இரண்டு முறை.

பிள்ளைத்தோட்டம் திரும்பும் சிக்னலில் சிவப்பு.
சட்டைப் பையில் காசு
இத்தனை கனமாக இருந்ததா என்று தடவிப் பார்க்கிறேன்.
பச்சை விழுந்துவிட்டது போலிருக்கிறது,
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.