துணைக்கால்

குத்தாயிசி நகரில்
பதினோராம் எண் மர்ஷ்ருட்கா வேன் ஓட்டும் ஜும்பருக்கு
இடது காலில், மெட்டி போடுகிற விரல்
மடங்கிப்போயிருந்தது.
பக்கவாட்டில் பார்த்தால்
எழும்பி, மடிந்து, நுனி தரையில் குத்தி
காலுக்குள்ளேயே ஒரு துணைக்கால்.
முட்டியின் மேல் பட்டாணி அளவு காய்ப்பு.
கிளட்ச்சை அமுக்கும்போதெல்லாம்
ஷூவின் கூரையோடு அதற்குச் சண்டை.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:
"ஆடிய கால்."

அந்த ஊர் ஆண்கள்
மெல்லிய தோல் பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி
விரல்முட்டிகளின் மேல் நின்று சுழல்வார்கள்.
ஜும்பரும் நின்றான், மூன்று வருடம்,
கடைசி வரிசை, இடது ஓரம்,
பாதி உடம்பு திரைச்சீலைக்குப் பின்னால்.
அது முப்பது வருடத்துக்கு முன்.
சில்லறை வாங்கி வாங்கிச் சொன்னதில்
கதையில் இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டான்.
மனைவி சியாலா திருத்துவதில்லை.
வாரம் ஒரு பிளாஸ்திரி மட்டும் ஒட்டிவிடுவாள்.

மருத்துவர் லமாரா சாக்ஸைக் கழற்றச் சொன்னாள்.
அவன் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தான்.
"ம்" கொட்டிக்கொண்டே
அவள் கையில் எடுத்தது காலை அல்ல, ஷூவை.
வெள்ளைத்தாளில் அவனை நிற்கவைத்து
பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள்.
கோட்டின் மேல் ஷூவை வைத்தாள்.
நாலா பக்கமும் பாதம் வெளியே பிதுங்கியது.

"கட்டைவிரலைவிட இது நீளம், பாருங்கள்.
தாழ்ந்த கூரையில் நெட்டையன் எப்படி நிற்பான்?
குனிந்துதான்.
குனிந்து குனிந்து
கீழே இழுக்கும் தசைநாண் முறுக்கேறிவிட்டது,
நிமிர்த்த வேண்டிய சின்னத் தசைகள் சோர்ந்துவிட்டன.
சுத்தியல் விரல் என்போம்."

பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.
"ஆட்டத்தால்தானே?"

"மூன்று வருட ஆட்டமா, முப்பது வருட ஷூவா?
நீங்களே கூட்டிப் பாருங்கள்.
இது நாற்பத்தொன்று. உங்களுக்கு நாற்பத்துமூன்று."

ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
யாரோ விட்டுவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல
அவன் தன் காலைப் பார்த்தான்.

அவள் முட்டியைப் பெருவிரலால் அழுத்தினாள்.
இறுகியிருந்தால் கத்தி, எலும்புக்குள் கம்பி,
ஆறு வாரம் வண்டி ஓட்ட முடியாது.
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
கத்தியாவது வாய்த்தால்
சொல்ல ஒரு கதை மிஞ்சும்.

விரல் முரண்டியது. யோசித்தது.
முக்கால்வாசி நிமிர்ந்தது.

"இன்னும் இளகுகிறது. அறுவை வேண்டாம்."

சீட்டில் எழுதினாள்:
முன்பக்கம் அகன்ற ஷூ. சாயங்காலம் வாங்கவும்,
வீங்கிய பிறகுதான் கால் உண்மை பேசும்.
காய்ப்பைப் பிளேடால் சீவக் கூடாது.
விரலடியில் சிலிக்கான் மெத்தை.
தினமும் தரையில் துண்டை விரித்து
விரல்களாலேயே சுருட்டி இழுக்கவும்.

துண்டா!
பாலத்துக்கடியில் ரியோனி ஆறு
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
நாற்பத்துமூன்றாம் நம்பரில்
அவன் கால்கள் இரண்டு படகுகள்.

முதல் மூன்று ராத்திரி துண்டு அசையவில்லை.
நான்காம் நாள் ஒரு மடிப்பு வந்தது.
அடுத்த வாரம் சியாலா ஒரு வால்நட்டை உருட்டிவிட்டாள்,
"இதை எடு."
எடுத்தான். ஒரு சாண் உயரத்தில் நழுவி
அடுப்புக்கடியில் ஓடிவிட்டது.
விளக்குமாற்றுக் குச்சியோடு இருவரும் குப்புறப் படுத்து
தேடியதில் கிடைத்தவை:
வால்நட், ஒரு பொத்தான்,
போன வருடத்துப் பேருந்துச் சீட்டு.

நவம்பரில் ஒரு பயணி கேட்டாள்,
கால் எப்படி இருக்கிறது என்று.
"ஷூ சின்னது," என்றான்,
மீதியை எண்ணிக் கொடுத்தபடி.
சிக்னல் சிவப்பில் வண்டி நின்றது.
கண்ணாடியில் அவளைத் தேடி,
"ஆடவும் ஆடினேன்," என்றான்.
"கடைசி வரிசையில்."

பச்சை விழுந்தது.
கிளட்ச்சை அமுக்கினான்.